சேவைகளை அணுகும் உரிமை: அளித்தலும் திரும்பப் பெறுதலும்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில், காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றி ஏறினால் எதிர்ப்படும் சோளக்காட்டிலும், வட்டாட்சியர் அலுவலகம் இருக்கும் செம்மேட்டிலும், வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு என்று நாட்டின் பெயராலேயே இன்றும் வழங்கிவரும் 14 ஊராட்சிகளின் சிற்றூர்களிலும், ஒரு குடும்பம் ரேஷன் அரிசி வாங்குவதானாலும், பிள்ளையின் கல்லூரிச் சேர்க்கைக்குச் சாதிச் சான்றிதழ் பெறுவதானாலும், மிளகுக்கும் மரவள்ளிக்கும் பயிர்க்கடன் கேட்பதானாலும், அந்தக் காரியம் இந்நாளில் ஏதேனும் ஒரு கணினித் திரையின் வழியாகத்தான் நிறைவேற வேண்டியிருக்கிறது. மேசைக்கு முன் நிற்பவருக்கு அந்தச் சேவையில் பாத்தியதை உண்டா என்பது ஒரு கேள்வி. மேசைக்குப் பின் அமர்ந்து கருவியை இயக்குபவருக்கு அதை இயக்கும் அதிகாரம் உண்டா என்பது மற்றொரு கேள்வி. இவ்விரண்டு கேள்விகளுக்கும் ஒவ்வொரு தடவையும் சரியான விடை கிடைக்கும்படி ஏற்பாடு செய்து வைப்பதே அணுகல் நிர்வாகம் என்னும் தொழில். கிராமப்புறச் சேவை மையங்களையும் கூட்டுறவுச் சங்கங்களையும் நடத்துவோருக்காக எழுதப்படும் இந்நூலில் அதற்கென்று ஓர் அத்தியாயம் ஒதுக்குவது அவசியமாயிற்று.

பிரிட்டிஷ் அரசாங்கத்தின் மத்தியக் கணினி மற்றும் தொலைத்தொடர்பு முகமை 1980-களில் தொகுக்கத் தொடங்கிய, தகவல் தொழில்நுட்பச் சேவை நிர்வாகம் பற்றிய ஐடிஐஎல் என்னும் நூல்வரிசையின் மூன்றாம் பதிப்பு 2007-இல் வெளிவந்தபோது, சேவைகளை அன்றாடம் நடத்திச் செல்வதைப் பற்றிய தொகுதியில் அணுகல் நிர்வாகம் தனியொரு செயல்முறையாக இடம் பெற்றது. 2019-இல் வந்த நான்காம் பதிப்பில் அது தகவல் பாதுகாப்பு நிர்வாகத்தின் ஒரு பகுதியாக அடங்கிவிட்டது. முந்தைய ஏற்பாடே மேலானது என்பது என் அபிப்பிராயம். பாதுகாப்பின் கிளையாக மட்டும் இதைக் கருதத் தொடங்கிய நிர்வாகி, தகாதவரைத் தடுப்பதையே தம் கடமை என்று எண்ணிவிடுகிறார். தகுந்தவருக்குத் தாமதமின்றி வழி திறப்பதும் அதே அளவு கடமை என்பது அவர் நினைவிலிருந்து மெல்ல நழுவிவிடுகிறது. மலையுச்சியில், பஸ்ஸுக்குக் காத்திருந்து செம்மேடு வந்து சேர்ந்த ஒரு தாயிடம், "லாகின் வேலை செய்யவில்லை, நாளைக்கு வாருங்கள்" என்று சொல்லப்படும்போது, அங்கே எந்தத் திருட்டும் நடக்கவில்லையாயினும், அணுகல் நிர்வாகம் தோற்றுப்போயிருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

அடையாளம், உரிமை, அணுகல் என்ற மூன்றையும் முதலில் பிரித்தறிந்துகொள்வது நல்லது. இன்னார் என்று ஒருவரைத் தனியே சுட்டும் விவரங்களின் தொகுதி அடையாளம். தமிழ்நாட்டு இ-சேவை அமைப்பில் கேன் நம்பர் என்று எல்லோரும் சொல்லும் எண், விண்ணப்பிக்கும் குடிமகனுக்கு அத்தகையதோர் அடையாளம். அந்த அடையாளத்தை உடையவர் எதைப் பார்க்கலாம், எதை எழுதலாம், எதற்கு ஒப்புதல் தரலாம் என்று வரையறுத்து வைப்பது உரிமை. அந்த உரிமையைக் கொண்டு அவர் ஒரு சேவையை உண்மையில் எட்டுவது அணுகல். அடையாளம் ஒருவருக்கு ஆயுள் முழுவதும் ஒன்றாகவே இருக்கலாம். உரிமையோ அவர் வகிக்கும் பதவியோடு வந்து பதவியோடு போக வேண்டியது. நடைமுறையில் நேரும் குழப்பங்களுள் பெரும்பாலானவை, பதவிக்குரிய உரிமையை ஆளுக்குரிய சொத்தாக எண்ணிவிடுவதால் பிறப்பவையே.

உரிமை கேட்டு வரும் வேண்டுகோளை எழுத்தில் பெற வேண்டும் என்பதையும், கேட்பவர் தாமேதான் கேட்கிறாரா என்பதை ஒருமுறையும், அவருடைய வேலைக்கு அது தேவைதானா என்பதை அவரல்லாத மேலதிகாரி ஒருவர் வாயிலாக இன்னொரு முறையும் சரிபார்க்க வேண்டும் என்பதையும் விரித்துரைக்கத் தேவையில்லை. ஒன்றை மட்டும் வற்புறுத்துவேன். டவர் கிடைக்காத ஊர்களிலிருந்து வேண்டுகோள்கள் பெரும்பாலும் தொலைபேசியில், அதுவும் வேறொருவருடைய எண்ணிலிருந்து வரும். அப்போது பேசும் குரலை நம்பி பாஸ்வேர்டை மாற்றிக் கொடுத்துவிடாமல், பணியாளர் பதிவேட்டில் முன்பே குறிக்கப்பட்டுள்ள எண்ணை நாமாக அழைத்துப் பேசி உறுதி செய்துகொண்ட பின்னரே கொடுக்க வேண்டும்.

இனி, எவருக்கு எவ்வளவு உரிமை என்னும் விஷயத்துக்கு வருவோம். கொல்லிமலை மக்களிற் பெரும்பான்மையோர் பட்டியல் பழங்குடியினராகிய மலையாளி இனத்தவர். அவர்களுள் ஒரு மாணவர் சாதிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால், மையத்தின் ஆபரேட்டர் கேன் நம்பரைக் கொண்டு விவரங்களைப் பதிந்து, ஆவணங்களை ஸ்கேன் செய்து ஏற்றி, ஒப்புகைச் சீட்டைக் கொடுத்தவுடன் அவருடைய அதிகாரம் முடிந்துவிடுகிறது; கிராம நிர்வாக அலுவலர் விசாரித்துத் தம் குறிப்பை எழுதலாம், சான்றிதழில் ஒப்பமிட முடியாது; வருவாய் ஆய்வாளர் அதைப் பரிசீலித்து மேலே அனுப்பலாம், அவ்வளவே. மற்றச் சான்றிதழ்கள் பலவற்றில் வட்டாட்சியரின் ஒப்புதலோடு காரியம் முடிந்துவிடும். ஆனால் பழங்குடியினருக்கான சாதிச் சான்றிதழை வழங்கும் அதிகாரம் 1989 நவம்பர் முதல் வட்டாட்சியரிடமிருந்து வருவாய்க் கோட்டாட்சியர் நிலைக்கு உயர்த்தப்பட்டிருப்பதால், அந்த விண்ணப்பம் மட்டும் செம்மேட்டில் நில்லாமல் மலையிறங்கி நாமக்கல்லுக்குப் போக வேண்டும். கணினியில் உரிமைகளை வகுக்க வருபவர் இந்தச் சட்ட விதியை அறியாமல், வட்டாட்சியர் என்ற பதவிப் பாத்திரத்துக்கு எல்லாச் சான்றிதழ்களுக்குமான ஒப்புதலையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுத்துவிட்டால், அந்த ஒப்புதலால் பிறக்கும் காகிதம் வேலைவாய்ப்பிலும் கல்விச் சேர்க்கையிலும் செல்லாக் காகிதமாக நிற்கும். அதன் நஷ்டத்தைச் சுமப்பவர் அந்த மாணவர்.

ஆகவே உரிமைகளை ஆட்களுக்கு நேராக வழங்காமல் பதவிப் பாத்திரங்களுக்கு வழங்கி, ஆட்களை அப்பாத்திரங்களில் அமர்த்துவதே முறை. 1992-இல் டேவிட் பெர்ராயோலோ, ரிச்சர்ட் கூன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இதை ஒழுங்கான கோட்பாடாக எழுதினார்கள். நம் வருவாய்த் துறையோ, கணினி பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே, பதவியே அதிகாரத்தைத் தாங்குகிறது என்ற நெறியில் நடந்துவந்த துறை. அங்குள்ள அதிகாரப் பகிர்வு உத்தரவுகளை எடுத்து முன்னே வைத்துக்கொண்டு கணினிப் பாத்திரங்களை வகுக்கத் தொடங்கினால் பாதி வேலை முடிந்துவிடும். பாத்திரங்களை வகுக்கும்போது, ஒருவர் பதிந்ததை அவரே ஒப்புக்கொள்ள முடியாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். மலையில் லேம்ப்ஸ் என்றே எல்லோரும் சொல்லும் பழங்குடியினர் பெரும்பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களில் இது மிகவும் முக்கியம். 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களைக் கணினிமயமாக்க 2,516 கோடி ரூபாய் மதிப்பிலான திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2022 ஜூனில் ஒப்புதல் அளித்தது முதல், கடன் கணக்குகள் காகிதப் பேரேட்டிலிருந்து பொதுவான மென்பொருளுக்கு மாறிவருகின்றன. பேரேட்டில் அடித்தல் திருத்தல் கண்ணுக்குத் தெரியும். மென்பொருளில் அது தெரிய வேண்டுமானால் பதிபவரும் ஒப்புபவரும் வேறு வேறு ஆட்களாக இருந்தாக வேண்டும். இரண்டு பேர் மட்டுமே பணிபுரியும் சங்கத்தில் ஒருவர் விடுப்பில் போனால் என்ன செய்வது என்ற கேள்வி உடனே எழும். அதற்கு விடை பின்னர் வருகிறது.

அளித்த உரிமையைத் திரும்பப் பெறும் மீட்டல் என்னும் பகுதியே இந்நிர்வாகத்தில் மிகவும் அலட்சியம் செய்யப்படுவது. உரிமை கேட்பதற்கு ஆள் உண்டு, அவசரமும் உண்டு; திருப்பிக் கொடுக்க ஒருவரும் தாமாக வருவதில்லை. கிராம நிர்வாக அலுவலர் ஒருவர் வேறு கிராமத்துக்கு இடமாறுதல் பெற்றுச் செல்லும்போது, அவருடைய லாகினில் நிலுவையில் இருக்கும் விண்ணப்பங்கள் புதியவரின் லாகினுக்கு மாற்றப்படாவிட்டால், விண்ணப்பித்தவர் ஒவ்வொரு முறையும் கேட்கும் பதில், "பழைய வி.ஏ.ஓ. லாகினில் பெண்டிங்" என்பதாகவே இருக்கும். அதற்கு மறுபுறமாக, சென்றவருடைய பழைய உரிமை மூடப்படாமல் இருந்தால், தமக்குச் சம்பந்தமில்லாத கிராமத்தின் விவரங்களை அவர் தொடர்ந்து பார்க்கவும் எழுதவும் முடியும். இடமாறுதல், பதவி உயர்வு, நீண்ட விடுப்பு, தற்காலிகப் பணிநீக்கம், ஓய்வு, மரணம் ஆகிய ஆறு சந்தர்ப்பங்களிலும் பணியமைப்புப் பிரிவிலிருந்து புறப்படும் உத்தரவின் ஒரு நகல், லாகின்களை நிர்வகிக்கும் சேவை மேசைக்கும் அதே நாளில் வந்துசேர வேண்டும் என்று நிரந்தர ஏற்பாடு செய்துவிட வேண்டும். பொறுப்பு ஒப்படைப்புப் படிவத்தில் சாவிக்கொத்துக்கும் பதிவேடுகளுக்கும் இடம் இருப்பதுபோல் லாகினுக்கும் ஒரு வரி இருக்கட்டும்: நிலுவை எத்தனை, யாருக்கு மாற்றப்பட்டது, பழைய உரிமை எந்த நாளில் எந்த மணிக்கு மூடப்பட்டது. பதவி உயர்வு பெற்றவரிடம் பழைய பதவியின் உரிமையையும் அப்படியே விட்டுவைப்பது எளிதில் நேரும் பிழை. அதனால்தான் பதிந்தவரே ஒப்புபவராகவும் ஆகிவிடும் நிலை ஒருவரும் திட்டமிடாமலேயே உருவாகிவிடுகிறது.

இனிச் சொல்லப்போவதே இவ்வத்தியாயத்தின் முக்கியமான பகுதி. பாஸ்வேர்டைப் பிறரிடம் சொல்லாதீர்கள் என்ற உபதேசம் எல்லா அலுவலகச் சுவர்களிலும் ஒட்டப்பட்டிருக்கிறது. பாஸ்வேர்டு பகிரப்படாத அலுவலகமோ அபூர்வம். இதற்குக் காரணம் ஊழியர்களின் ஒழுக்கக் குறைவு என்று முடிவு கட்டுவது நியாயமன்று. உரியவர் கீழே ஒரு கூட்டத்துக்குப் போயிருக்கிறார். திரும்பி வர மாலையாகும். விண்ணப்பத்தின் கடைசித் தேதி அன்றைக்கே. வாசலில் ஜனங்கள் நிற்கிறார்கள். இந்த நிலையில் அவர் தொலைபேசியில் தம் பாஸ்வேர்டைச் சொல்லி, தம் செல்பேசிக்கு வந்த ஓடிபியையும் வாசித்துக் காட்டுகிறாரென்றால், அதைச் செய்விப்பது பெரும்பாலும் இரக்கமும் கடமையுணர்ச்சியுமே. அவ்வளவு நல்ல நோக்கத்தோடு செய்யப்பட்ட காரியத்தின் பயனாக, அன்று அந்த லாகினில் நடந்தவை அனைத்தும் நடக்குமிடத்திலேயே இல்லாத ஒருவர் பெயரில் பதிவாகின்றன. பின்னால் ஒரு தவறு கண்டுபிடிக்கப்படும்போது செய்தவரையும் நிரூபிக்க முடிவதில்லை, செய்யாதவரையும் காப்பாற்ற முடிவதில்லை.

பாஸ்வேர்டின் சரித்திரமே இதற்குச் சாட்சியாக இருக்கிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக் கழகத்தில் பெர்னாண்டோ கார்பட்டோவின் தலைமையில் 1960-களின் தொடக்கத்தில் அமைந்த, பலர் பகிர்ந்து பயன்படுத்தும் கணினியமைப்பில்தான் ஆளுக்கொரு பாஸ்வேர்டு என்ற ஏற்பாடு வழக்கத்துக்கு வந்தது. 1962-இல், ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர், தமக்கு வாரத்துக்கு ஒதுக்கப்பட்ட 4 மணி நேரம் தம் ஆராய்ச்சிக்குப் போதாமற்போகவே, பாஸ்வேர்டுகள் அடங்கிய கோப்பை அச்சிட்டு எடுத்துப் பிறர் கணக்குகளைப் பயன்படுத்திக்கொண்டார். அவர் தேடியது கணினி நேரம். தேவைக்குக் குறைந்து அளக்கப்பட்ட உரிமையே அந்த மீறலுக்கு வித்து. 1975-இல் ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், வேலைக்கு வேண்டிய அளவுக்கு மேல் உரிமை தரலாகாது என்ற விதியை எல்லோரும் எடுத்துச் சொல்கிறார்கள். பாதுகாப்பு ஏற்பாடு மனிதர்கள் இயல்பாகக் கையாளக்கூடியதாகவும் இருக்க வேண்டும் என்று அதே கட்டுரை விதித்திருப்பதை எடுத்துச் சொல்வோர் குறைவு. வேண்டிய அளவுக்கு மேல் தரலாகாது என்பதில், வேண்டிய அளவேனும் தந்தாக வேண்டும் என்பதும் அடங்கியிருக்கிறது.

எனவே பகிர்வை ஒழிக்கும் வழி, முறையான பதிலாளை முன்கூட்டியே நியமித்து வைப்பதுதான். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு பதிலாள் பெயர் எழுத்தில் இருக்க வேண்டும். அவர் தம் சொந்த லாகினிலேயே, குறித்த நாள்களுக்கு மட்டும், மற்றவரின் பணியைச் செய்யும் உரிமை பெற வேண்டும். நாள் முடிந்தவுடன் அவ்வுரிமை தானாகவே அற்றுப்போக வேண்டும். முன்னே கேட்ட இரண்டு பேர் சங்கத்துக்கு விடை இதுவே: விடுப்பில் போனவர் ஒப்புதல் தரும் செயலாளராயின், அவருடைய இடத்தில் பக்கத்துச் சங்கத்தின் செயலாளரையோ மேற்பார்வையாளரையோ அந்நாள்களுக்கு ஒப்புதலாளராக அமர்த்துவதே ஒழுங்கு, பதியும் எழுத்தரிடம் ஒப்புதலையும் சேர்த்துக் கொடுப்பது ஆகாது. இந்த நியமனத்தை மலையில் இருந்தபடியே, ஒரு தொலைபேசி அழைப்பாலும் அதை உறுதி செய்யும் ஒரு குறுஞ்செய்தியாலும் அரைமணி நேரத்தில் பெற முடியுமானால் ஒருவரும் பாஸ்வேர்டைச் சொல்லப் போவதில்லை. மூன்று கையொப்பமும் இரண்டு நாளும் ஆகுமானால் எல்லோரும் சொல்வார்கள்.

பதிலாள் முறை நன்கு நடைபெறக் கூடியது என்பதற்கு ரேஷன் கடையே உதாரணம். தமிழ்நாட்டில் 2017 ஏப்ரலில் ஸ்மார்ட் கார்டு வந்தது. 2020 அக்டோபரில் ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு திட்டத்தோடு கைரேகைச் சரிபார்ப்பும் வந்தது. காலமெல்லாம் மண்ணில் கிழங்கு பறித்தும் மிளகு உருவியும் தேய்ந்துபோன விரல்களைக் கருவி சுலபத்தில் ஏற்பதில்லை. விற்பனையாளர், "ஆயா, கையைத் துடைச்சிட்டு இன்னொரு தடவை வைங்க" என்கிறார், ஆயா முந்தானையில் விரலைத் துடைத்து வைக்கிறார், திரையில் சிவப்பு எழுத்து வருகிறது, "இன்னிக்கும் விழலையா, சாமி?" என்று கேட்கும் அந்த முகத்தில், தம்மேல் ஏதோ குற்றம் இருப்பதுபோன்ற கூச்சம் தெரிகிறது. உரிமை அவருடையது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. சரிபார்க்கும் வழி ஒன்றுதான் தோற்றது. ஆகையால் செல்பேசிக்கு வரும் ஓடிபி, கார்டை ஸ்கேன் செய்தல், கருவிழிப் பதிவு என்று வேறு வழிகளும் ஏற்படுத்தப்பட்டிருக்கின்றன. கடைக்கு வர இயலாத முதியோரும் மாற்றுத் திறனாளிகளும் தமக்குப் பதில் பொருள் வாங்கிக்கொள்ள ஒருவரைப் படிவம் எழுதிக் கொடுத்து நியமிக்கலாம். 2025 ஆகஸ்ட் 12 அன்று தொடங்கப்பட்ட தாயுமானவர் திட்டத்தில் அத்தகையோரின் வீட்டு வாசலுக்கே பொருள்கள் வருகின்றன. இந்த மாற்று வழிகள் ஒவ்வொன்றிலும் யார், எப்போது, எந்த வழியில் பெற்றார் என்பது பதிவாகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். வழியைத் தளர்த்தும்போது பதிவைத் தளர்த்தாமல் இருப்பதே இங்குள்ள நுட்பம். உங்கள் மையத்தில் எந்த மாற்று வழியைத் திறந்தாலும் இதையே உரைகல்லாகக் கொள்ளுங்கள்.

மின்னணுக் கையொப்பத்துக்கு மட்டும் பதிலாளே கிடையாது. அதிகாரிகள் கணினியில் செருகி ஒப்பமிடும் அந்தச் சிறு டோக்கன், 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி, அந்த ஒருவருடைய கையே ஆகும். அதன் சாவி பிறர் வசப்படாமல் காப்பது அவர் கடமை என்றும், வசப்பட்டுவிட்டால் உடனே சான்றளிக்கும் நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும், தெரிவிக்கும்வரை விளையும் பொறுப்பு அவரையே சாரும் என்றும் அச்சட்டத்தின் 42-ஆம் பிரிவு விதிக்கிறது. பிறருடைய மின்னணுக் கையொப்பத்தையோ பாஸ்வேர்டையோ மோசடியாகப் பயன்படுத்துவோருக்கு 66-சி பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்ச ரூபாய் வரை அபராதமும் உண்டு. டோக்கனை மேசை இழுப்பறையில் வைத்து, அதன் ரகசிய எண்ணை உதவியாளரிடம் சொல்லிவைக்கும் வழக்கம் எங்கேனும் இருக்குமானால், இந்தப் பிரிவுகளை அந்த அதிகாரிக்கு மரியாதையோடு எடுத்துச் சொல்வது சேவை மேசையின் வேலை. அதிகாரி விடுப்பில் இருக்கும் நாள்களில் கூடுதல் பொறுப்பு வகிப்பவர் தம் சொந்த டோக்கனைக் கொண்டுதான் ஒப்பமிட வேண்டும். ஆகவே அவருக்கும் ஒன்றை முன்னதாகவே வாங்கி வைப்பது நிர்வாகியின் பொறுப்பு.

நடந்தவற்றின் பதிவேட்டைக் குறைந்தது 180 நாள்கள் காத்து வைக்க வேண்டும் என்பது மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பாகிய செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட கட்டளை. காத்து வைத்தால் போதாது, படிக்கவும் வேண்டும். அலுவலகம் பூட்டியிருந்த ஞாயிற்றுக்கிழமையில் பதிவு ஏதும் உண்டா, ஒரே லாகின் ஒரே வேளையில் செம்மேட்டிலும் சேந்தமங்கலத்திலும் இயங்கியிருக்கிறதா, கொல்லிமலையின் வல்வில் ஓரி விழா விடுமுறையில் யாராவது ஒப்புதல் தந்திருக்கிறார்களா என்று மூன்று கேள்விகளோடு மாதம் ஒரு தடவை உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் விஷயம் தெளிந்துவிடும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை முழுமையான மறுபரிசீலனையும் செய்ய வேண்டும். உயிரோடுள்ள எல்லா லாகின்களின் பட்டியலையும் கணினியிலிருந்து எடுத்து, சம்பளப் பட்டியலோடு பெயர் பெயராக ஒத்துப் பாருங்கள். சம்பளப் பட்டியலில் இல்லாத பெயர் கணினியில் இருந்தால் அன்றே முடக்குங்கள். ஆனால் அழித்துவிடாதீர்கள், ஏனெனில் பழைய பதிவுகள் அந்தப் பெயரோடு பிணைந்திருக்கின்றன. கணினியில் இல்லாத பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தால், அவர் இத்தனை நாளும் யாருடைய லாகினில் வேலை செய்துவந்தார் என்று சினமில்லாமல் விசாரித்து, அவருக்குரிய உரிமையை மாலைக்குள் வழங்குங்கள்.